ஆண்டு மலரில் ஒரே ஒரு படம்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஐயா அவர்களே, கோட்டக்குப்பம் ஜமாத்தின் பெரியவர்களே, திண்டிவனத்து வணிகப் பெருமக்களே, மல்லாட்டைக் கடலை பிடுங்கும் நேரத்திலும் வேலையை விட்டுவிட்டு வல்லத்திலிருந்து வேன் பிடித்து வந்திருக்கும் உழவர் குடும்பங்களே, தாயை இழந்து நிற்கும் தம்பி யாஹ்யா அவர்களே, மகள் அர்ஷியா அவர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம். கடைசி வரிசைகளில், தூண் மறைவாக இடம் பார்த்து உட்கார்ந்திருக்கும் சிலருக்குத் தனியாக ஒரு வணக்கம். உங்களை எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் வெளியில் எங்கே பார்த்தாலும் தெரியாது. அது நமக்குள் இருக்கிற ஒப்பந்தம்.

என் பெயர் பிரபாவதி. முப்பத்து நான்கு ஆண்டுகள் அரசு மருத்துவமனைகளில், பெரும்பாலும் மனநலப் பிரிவில், செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். ஓய்வு பெற்ற மறுவாரமே என்னைப் பிடித்துக்கொண்டு போய் வேலையில் உட்கார வைத்தவர்தான், நாம் இன்று யாருக்காகக் கூடியிருக்கிறோமோ அந்த மஹபூப் பீவி அம்மையார். இப்ராஹிம் ஷா குடும்ப அறக்கட்டளையின் தலைவர். எங்கள் தலைவர்! பதினோரு ஆண்டுகள் அவரோடு வேலை செய்தேன் என்பதைவிட, பதினோரு ஆண்டுகள் அவரோடு சண்டை போட்டேன் என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும். மூன்று வாரங்களுக்கு முன்பு, அறுபத்து நான்காவது வயதில், அவர் நம்மைவிட்டுப் போய்விட்டார். இப்போது சண்டை போடக்கூட எனக்கு ஆள் இல்லை.

அவர் போனதிலிருந்து பேருந்து நிலையத்திலும் காய்கறிக் கடையிலும் என்னை நிறுத்தி எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "சிஸ்டர், இனிமே டாக்டரு வருவாரா?" செவ்வாய்க்கிழமை திண்டிவனம், வியாழக்கிழமை வல்லம், சனிக்கிழமை கோட்டக்குப்பம். மூன்று இடங்களிலும் மனநல மருத்துவர் வருகிறார், உட்கார்ந்து பேசுகிறார், மருந்து கொடுக்கிறார், யாரிடமும் காசு வாங்குவதில்லை. அது நின்றுபோனால் என்ன ஆகும்? மூன்று வருடமாக ஒழுங்காகத் தூங்கி, ஒழுங்காக வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிற ஒருவருக்கு மாத்திரை நின்றால் என்ன ஆகும் என்பதை நான் பார்த்திருக்கிறேன். பார்க்காதவர்களுக்கு விளக்க விரும்பவில்லை. அந்தக் கேள்விக்கு நேற்று மாலைவரை என்னிடம் பதில் இல்லை என்பதை மட்டும் இப்போது சொல்லிவைக்கிறேன்.

யார் இந்த மஹபூப் பீவி அம்மையார்? எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றவர். எந்த மேடையிலும் இரண்டு நிமிடத்துக்கு மேல் பேசாதவர். அவருடைய கணவர் மறைந்த இப்ராஹிம் ஷா ஐயாவை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். இருபத்திரண்டு ஆண்டுகள் குவைத்தில் வியாபாரம் செய்துவிட்டு ஊர் திரும்பியவர். திரும்பிய ஆறாவது மாதம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். யாரோடும் பேச்சில்லை, சாப்பாடு சரியில்லை. செய்வினை என்றார்கள், கண்ணேறு என்றார்கள், வெளிநாட்டில் ஏமாந்துவிட்டான் என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் ஒரு மனநல மருத்துவர் அந்த அறைக்குள் போனார். அதன்பின் அந்த மனிதர் எட்டு ஆண்டுகள் நன்றாக வாழ்ந்தார். பேரம் பேசினார், பள்ளிவாசலுக்குப் போனார், மனைவியைக் கேலி செய்தார். இதயக் கோளாறில் படுத்த கடைசி நாட்களில் மனைவியிடம் அவர் சொன்னது இதுதான்: "படிக்கிற புள்ளைங்களுக்கு குடுக்க ஊரே இருக்குது. என்ன மாதிரி ரூமுக்குள்ள பூந்துக்கினவனுக்கு யாரு குடுப்பா?"

அந்த ஒரு வார்த்தையிலிருந்து எழுந்ததுதான் இந்த அறக்கட்டளை. உறவுக்காரர்கள் சும்மா விட்டார்களா? "பைத்தியத்துக்கா டிரஸ்ட்டு?" என்று ஒரு பெரியவர் முகத்துக்கு நேராகவே கேட்டார். அம்மையார் அவருக்குத் தேநீரை நீட்டிக்கொண்டே, "ஆமாங்க, உங்களுக்கும் ஒரு சீட்டு போட்டு வைக்கவா?" என்றார். அந்தப் பெரியவர் இப்போது முன்வரிசையில் உட்கார்ந்து சிரிக்கிறார். பின்னாளில் அவரே தம் ஊரில் ஆள் பிடித்து அனுப்பினார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அவரை வெறுமனே புகழ்ந்துவிட்டுப் போனால் அது அவருக்குச் செய்கிற மரியாதை ஆகாது. அவர் தவறு செய்தார். நானும் சேர்ந்தே செய்தேன். அந்தத் தவறுக்குப் பிறகு அவர் என்ன செய்தார் என்பதில்தான் அவருடைய பெருமை இருக்கிறது.

இந்தக் குடும்பத்துக்கு ஒரு பழைய வழக்கம் உண்டு. அறக்கட்டளை தொடங்குவதற்கு முன்பிருந்தே பிள்ளைகளின் படிப்புக்கு உதவி செய்வார்கள். ஆண்டுக்கு ஒரு மலர் அச்சிடுவார்கள். உதவி பெற்ற ஒவ்வொரு பிள்ளையின் படமும் பெயரும், அப்பா பெயரும், ஊர்ப் பெயரும் அதில் வரும். அதில் யாருக்கும் வருத்தம் இருந்ததில்லை. படம் வந்த பிள்ளையின் அப்பா அந்தப் பக்கத்தை லேமினேஷன் போட்டுக் கூடத்தில் மாட்டிவைப்பார். அதே பழக்கத்தில், நாங்கள் வேலை தொடங்கிய இரண்டாம் ஆண்டு மலரில், "எங்கள் சேவையால் நலம் பெற்றோர்" என்று நடுவே நான்கு வண்ணப் பக்கங்கள் போட்டோம். படம், பெயர், ஊர், என்ன தொல்லையோடு வந்தார்கள் என்பதுவரை!

பட்டியலைக் கொடுத்தது யார்? நான்! நோயாளியின் பெயரை வெளியில் சொல்லக்கூடாது என்று முதலாண்டிலேயே படித்தவள், புதிதாக வருகிற செவிலியர்களுக்கு அதையே பாடமாக நடத்தியவள், நான்தான் கொடுத்தேன். வேலியே பயிரை மேய்ந்தது. நலமானவர்களைப் பார்த்த சந்தோஷத்தில் என் கண் மறைத்துவிட்டது. படம் எடுத்தபோது எல்லோரும் சிரித்துக்கொண்டு நின்றார்கள், மாட்டேன் என்று ஒருவரும் சொல்லவில்லை. இலவசமாக மருந்து கொடுக்கிறவர்களிடம் யார் மாட்டேன் என்பார்கள்? அது எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.

மலர் வெளிவந்த ஒன்பதாம் நாள் ஒரு விவசாயி அலுவலகத்துக்கு வந்தார். அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். ஊரையும் சொல்ல மாட்டேன். ஒரு முறை சொன்னது போதும். கையில் எங்கள் மலர் இருந்தது. "இன்னாம்மா, எம்பொண்ணு நல்லாயிட்டான்னு சொல்றதுக்கு ஊரு ஊரா நோட்டீஸ் குடுத்துக்கினு வர்றீங்களா? கல்யாண பத்திரிகை அடிச்சாச்சி. மாப்ள ஊட்டுக்காரங்க இந்த புக்க எடுத்தாந்து எம்முன்னாடி போட்டுட்டு, வேணாம்னுட்டு போய்ட்டாங்க" என்றார். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்போம்.

அம்மையார் சமாதானம் சொல்லவில்லை. மாப்பிள்ளை வீட்டில் பேசுகிறேன் என்று வாக்கும் கொடுக்கவில்லை. அவர் போனபிறகு என்னைப் பார்த்து, "எத்தினி புக்கு அடிச்சோம் சிஸ்டர்?" என்று கேட்டார். எண்ணூறு என்றேன். "எழுந்திருங்க, ஜல்தி. எல்லாத்தையும் திருப்பி வாங்கணும்."

எண்ணூறு மலர்களையும் திருப்பி வாங்குவதா! நான் சிரித்துவிட்டேன். ஆனால் அவர் செய்தார். காரில் போனால் கொடுக்க மாட்டார்கள் என்று பேருந்திலும் ஷேர் ஆட்டோவிலும் ஏறி, வீடு வீடாகப் போனார். ஒவ்வொரு வாசலிலும் அதே வார்த்தைதான்: "தப்பு பண்ணிட்டோம்ங்க. அந்த புக்க குடுங்க." ஓர் ஆசிரியர் கொடுக்கவே மாட்டேன் என்றார், அவருடைய மகள் படம் படிப்புப் பக்கத்தில் இருந்தது. அம்மையார் நடுப்பக்கம் நான்கை மட்டும் மற்ற பக்கம் கிழியாமல் பிரித்தெடுத்துக்கொண்டு, மிச்சத்தை அவரிடமே கொடுத்தார். திண்டிவனத்தில் ஒரு பஜ்ஜிக் கடையில் எங்கள் வண்ணப் பக்கங்களில் சுடச்சுட வாழைக்காய் பஜ்ஜி மடித்துக்கொண்டிருந்தார்கள். அம்மையார் கட்டாக அப்படியே விலைக்குக் கேட்டார். "பஜ்ஜி வேணாமா? பேப்பரு மட்டும் போதுமா? இன்னாம்மா இது பேஜாரா இருக்குது!" என்றார் கடைக்காரர். எல்லா மலரும் திரும்பி வந்ததா என்றால், இல்லை. கைவிட்டுப் போனது போனதுதான். அதை அவரும் தெரிந்துகொண்டுதான் அலைந்தார்.

கடைசியாக அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனோம். அம்மையார் கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். அந்தப் பெண் சொன்னதை என் வாழ்நாளில் மறக்க மாட்டேன். "கல்யாணம் போனா போவுது மேடம். இப்ப மாத்திரைய நிறுத்த சொல்றாங்க. மாத்திரை சாப்புடறதாலதான் ஊருக்கு தெரிஞ்சிச்சாம். நிறுத்துனா நான் பழையபடி ஆயிடுவேன். மன்னிப்பெல்லாம் வேணாம், எங்க வூட்ல அத பேசிட்டு போங்க."

அப்பா, அம்மா, சித்தப்பா, எல்லோரும் சுற்றி நின்றார்கள். நான் வாயைத் திறந்து மருத்துவம் பேசத் தொடங்கினேன். அம்மையார் என் கையைத் தட்டி நிறுத்தினார். கைப்பையைத் திறந்தார். உள்ளேயிருந்து ஓர் அட்டை மாத்திரையை எடுத்தார். "கொஞ்சம் தண்ணி குடும்மா" என்று அந்தப் பெண்ணின் தாயிடம் கேட்டு வாங்கி, ஒன்றைப் போட்டு விழுங்கினார். "எம்புள்ளைங்களோட அத்தா மௌத்தாயி எங்கள விட்டு போனதுல இருந்து மூணு வருஷமா இத நான் சாப்புட்டுக்கினு இருக்கேன். நான் குடும்பம் பண்ணல? டிரஸ்ட்டு நடத்தல? உங்க முன்னாடி வந்து நிக்கல? எனக்கு இன்னா கொறைஞ்சி போச்சி?"

நான் அசந்துபோனேன். தினமும் கூடவே இருக்கிறேன், எனக்கே தெரியாது! மனநலச் செவிலியர் என்று பெரிய பெயர் வேறு! வெளியே வந்ததும், என் கவலை எனக்கு, காலையில் போட்ட மாத்திரையை மறுபடியும் போட்டுவிட்டாரோ என்று பதறிக் கேட்டேன். "காலைல மறந்துட்டேன் சிஸ்டர். இங்க வந்ததுல ஞாபகம் வந்துச்சி" என்றார். அந்த வீட்டில் மாத்திரை நிற்கவில்லை. அந்தப் பெண் இன்று நலமாக இருக்கிறார். அதற்குமேல் என்னிடம் கேட்காதீர்கள்.

அடுத்த ஆண்டு மலர் வந்தது. நோயாளிகளுடைய படம் இனி இல்லை, பெயரும் இல்லை, அவர்களுடைய சிகிச்சை அட்டையில்கூட எண் மட்டும்தான் என்று விதி எழுதிவிட்டோம். அந்த நடுப்பக்கத்தை என்ன செய்வது? எடுத்துவிடலாம் என்றேன். அம்மையார் தம்முடைய படத்தைக் கொடுத்தார். கீழே ஒரே வரி: "மஹபூப் பீவி. மனச்சோர்வுக்கு மருந்து எடுத்துக்கொள்கிறார். நலமாக இருக்கிறார்." நடுப்பக்கம் முழுவதும் அவர் ஒருவர் படம் மட்டும்!

தம்பி யாஹ்யா, கோபித்துக்கொள்ளாதீர்கள், இதையும் சொல்லத்தான் வேண்டும். அப்போது அர்ஷியாவுக்கு ஒரு நல்ல இடத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். துபாயிலிருந்து மகன் போனில் கத்தினார்: "அம்மா, உங்களுக்கு வேற நேரமே கெடைக்கலியா? மலர் வெளிய வந்துச்சின்னா இந்த இடம் நிக்குமா?" அம்மையார் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அடுத்தவங்க பொண்ணு படத்த போட்டப்ப இது நமக்கு தோணலியேப்பா." தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். தனக்கு வரட்டும் என்று தேடிப்போய் வாங்கிக்கொண்ட ஒருவர் என்று நான் பார்த்தது இவரைத்தான். அர்ஷியாவைக் கூப்பிட்டு, "உனக்கு வேணாம்னா எடுத்துடறேன்" என்றார். அந்தப் பெண் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதவிட நல்ல போட்டோ இல்லியாம்மா?" என்று கேட்டாள். அதுதான் அவளுடைய சம்மதம்.

அந்தச் சம்பந்தம் நின்றுபோயிற்று. நான் மறைக்கவில்லை. அந்த வாரம் முழுவதும் அம்மையார் சாப்பிடவில்லை, மாடிப்படியில் உட்கார்ந்து அழுததை நான் பார்த்தேன். இரண்டு ஆண்டுகள் கழித்து, எல்லாம் தெரிந்த ஒரு குடும்பத்தில் அர்ஷியாவின் நிக்காஹ் நடந்தது. ஆனால் அந்த இரண்டு ஆண்டுகள் ஒரு தாய்க்கு எப்படிக் கழிந்திருக்கும் என்று இங்கே இருக்கிற தாய்மார்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்றும் நடந்தது. கோட்டக்குப்பத்தில் சனிக்கிழமைகளில் பெண்கள் வரவே மாட்டார்கள். அவர்களுக்கென்று போட்டிருந்த பெஞ்சில் தூசுதான் உட்கார்ந்திருந்தது. மலர் வந்த மறுவாரம் மூன்று பெண்கள் சேர்ந்து வந்தார்கள். ஒருவர் கைப்பையில் அந்த நடுப்பக்கம் மடித்திருந்தது. எங்கள் மூன்று இடங்களுக்கும் வருகிற டாக்டர் சித்தார்த்தன் முன்னால் அதை விரித்து வைத்து, "இந்தம்மாவுக்கு குடுத்த அதே மாத்திரைய எங்களுக்கும் குடுத்துடுங்க" என்றார்! ஒவ்வொருவருக்கும் பார்த்துத்தான் மருந்து கொடுக்க முடியும் என்று டாக்டர் அரைமணி நேரம் விளக்கினார். மூன்றில் ஒருவருக்கு மாத்திரையே தேவைப்படவில்லை, பேசினாலே போதுமாக இருந்தது. அதற்கு அவர், "அப்ப என்ன மட்டும் கவனிக்க மாட்டீங்களா?" என்று கோபித்துக்கொண்டார். அடுத்த சனிக்கிழமை இன்னொரு பெஞ்சு போட வேண்டியதாயிற்று. அதற்கடுத்து இன்னொன்று. காசைக் கொடுத்து அறக்கட்டளை நடத்துகிறவர்கள் எத்தனையோ பேர். தன் முகத்தைக் கொடுத்து நடத்தியவர் எத்தனை பேர்?

இப்படிப்பட்டவர் போய்விட்டார். இனி யார்? மூன்று வாரமாக ஊரில் ஒரு பேச்சு. தம்பி யாஹ்யா அம்மா பெயரில் விழுப்புரத்தில் பெரிய கட்டடம் எழுப்பப் போகிறார், மூன்று இடங்களையும் மூடிவிட்டு எல்லாவற்றையும் அங்கே கொண்டுபோகப் போகிறார் என்று. வரைபடம்கூடத் தயார் என்றார்கள். வல்லத்து உரக்கடைக்குப் பக்கத்தில் பெயர்ப்பலகை இல்லாத ஒரு வீட்டுக்குள் சத்தமில்லாமல் வந்து போகிறவர்கள், விழுப்புரத்தில் எட்டு மாடியில் பெயர் எழுதிய கட்டடத்துக்குள் வருவார்களா? இதை நான் தம்பியிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பயம். ஆமாம் சிஸ்டர் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வேன்? அம்மையாரோடு வரிந்துகட்டிக்கொண்டு சண்டை போட்டவள், அவர் மகனிடம் ஒரு கேள்வி கேட்கத் துணிவில்லாமல் மூன்று வாரம் உட்கார்ந்திருந்தேன்.

இன்று வியாழக்கிழமை. வல்லத்து நாள். தலைவருக்கு இரங்கல் கூட்டம் நடக்கும்போது மருத்துவம் பார்ப்பது முறையல்ல என்று நானே முடிவு செய்து, "இன்று விடுமுறை" என்று எழுதிக் கதவில் ஒட்டச் சொல்லிவிட்டேன். நேற்று மாலை போன் வந்தது. தம்பி யாஹ்யா.

"சிஸ்டர், நாளைக்கு வல்லத்துல லீவாமே? யார கேட்டு ஒட்டுனீங்க?"

"உங்கம்மாவுக்கு கூட்டம் ஆச்சே தம்பி" என்றேன்.

"அம்மாவுக்கு கூட்டம், சரி. மாத்திரை தீந்துபோயி வர்றவங்களுக்கு இன்னா பதில் சொல்லுவீங்க? மொதல்ல அத கிழிக்க சொல்லுங்க. டாக்டர்கிட்ட நான் பேசிட்டேன், வர்றேன்னுட்டாரு."

பதினோரு ஆண்டுகள் இதே குரலில் திட்டு வாங்கியவள் நான். தாங்க முடியவில்லை, அழுதுவிட்டேன். அழுதுகொண்டே, கேட்க வேண்டியதைக் கேட்டேன்: "தம்பி, அந்த கட்டடம்?" அதற்கு அவர், "அது வந்தா வரட்டும், வராட்டி போவட்டும். மூணு எடத்தையும் மூட மாட்டேன் சிஸ்டர். துபாய் கடைய மச்சான் பாத்துக்குவாரு, நான் இனிமே இங்கதான்" என்றார். பிறகு, "வல்லத்துல அம்மா எங்க உக்காருவாங்க?" என்று கேட்டார்.

நேற்று அழுகையில் போனை வைத்துவிட்டேன் தம்பி. இந்தச் சபையில் சொல்கிறேன். உங்கள் அம்மாவுக்கு அங்கே தனி நாற்காலி கிடையாது. மற்றவர்களைப் போலத் தானும் ஒரு டோக்கன் வாங்கிக்கொண்டு, காத்திருக்கிறவர்களோடு அந்த நீளப் பெஞ்சில் உட்காருவார். முறை வரும்போது உள்ளே போய்த் தன் மாத்திரையை வாங்கிக்கொள்வார். நீங்களும் அங்கேயே உட்காருங்கள். பக்கத்தில் இருக்கிறவர்கள் மெதுவாகப் பேசத் தொடங்குவார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டால் தலைமை தாங்குவது எப்படி என்று தெரிந்துவிடும். எனக்கு எழுபது நெருங்குகிறது. கைகால் ஓடுகிறவரை உங்களோடு வருவேன், உங்களோடும் சண்டை போடுவேன். மஹபூப் பீவி அம்மையாருக்கு நான் கொடுக்கிற உறுதிமொழி இதுதான். இறைவன் அவருக்கு நல்ல இடம் கொடுப்பான். அங்கேயும் அவர் யாரையாவது எழுப்பி வேலை வாங்கிக்கொண்டுதான் இருப்பார்.

அழைப்பிதழில் டாக்டர் சித்தார்த்தன் பெயர் இருக்கிறது, ஆளைக் காணோமே என்று நீங்கள் நினைத்திருக்கலாம். அவர் வல்லத்தில் இருக்கிறார். காலை பத்து மணியிலிருந்து நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மருந்து எடுத்துக் கொடுக்க அங்கே ஆள் போதவில்லை என்று இரண்டு முறை போன் வந்துவிட்டது. கூட்டத் தலைவர் அவர்களும் சபையோரும் மன்னிக்க வேண்டும், நான் கிளம்புகிறேன்.